சுழலும் தட்டும் சுருதியும்

கோவில்பட்டி கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த ஊர். பருத்தியும் பஞ்சாலையும் தீப்பெட்டித் தொழிலும் அதற்குப் பெயர் தந்தன. இசையும் பெருமை தந்தது. நாகசுரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) இவ்வூரில் குடியேறி வாழ்ந்தவர். 1962-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஒலித்த நாகசுரம் அவருடையதே. அவர் மறைந்த பின்னரும் அவரது இசை இசைத்தட்டுகளில் வாழ்கின்றது. ஆயினும் தட்டு தானே பாடாது. அதனைச் சுழற்றக் கருவி வேண்டும். பிறர் கழித்த பொருள்களைக் கொண்டே அக்கருவியை ஆக்கும் முறையை இங்குக் காண்போம்.

1877-ஆம் ஆண்டில் எடிசன் ஒலியை உருளையில் பதித்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் பெர்லினர் என்பவர் தட்டையான வட்டில் பதிக்கும் வழியைக் கண்டார். தட்டின் மேல் சுருள்போல் ஓடும் பள்ளத்தில் ஒலியின் அதிர்வு நுண்ணிய வளைவுகளாகப் பதிந்துள்ளது. தட்டுச் சுழலும்போது பள்ளத்தில் செல்லும் ஊசி அவ்வாறே அதிர்கின்றது. அவ்வதிர்வு மின்னாக மாறி, ஒலிபெருக்கியின் வழியே மீண்டும் ஒலியாகின்றது.

இங்கு முதன்மையானது சுழற்சியின் வேகமே. பழைய தட்டுகள் பல நிமிடத்துக்கு 78 முறை சுழல வேண்டியவை. 74 முறை மட்டும் சுழன்றால், பாட்டு ஏறத்தாழ அரைச்சுர அளவு இறங்கிவிடும். வேகம் கூடியும் குறைந்தும் நின்றாலோ, நாகசுரத்தின் நீண்ட கார்வை நடுங்கும். கலைஞர் செய்யாத பிழை அவர் மேல் ஏறும்.

இதனைத் தடுக்கும் வழியைக் குயவர் நமக்குக் கற்பிக்கின்றார். அவர் ஒருமுறை கோலால் சுழற்றிவிட்ட திகிரி நெடுநேரம் சுழல்கின்றதன்றோ? அதன் கனமே அதற்குக் காரணம். கனமான பொருளின் வேகம் எளிதில் மாறாது. ஆகவே, பழைய இரும்புக் கடையில் கனத்த வட்டத்தகடு ஒன்றைத் தேர்ந்து, லேத்துப் பட்டறையில் மையம் பிசகாமல் கடைந்துகொள்ள வேண்டும். அதன் அச்சு தேயாத பேரிங்கில் நிற்க வேண்டும்.

பழுதான ஒலிநாடாக் கருவியின் சிறு மோட்டார் தகட்டைச் சுழற்றப் போதும். மோட்டாரின் கப்பியையும் தகட்டின் விளிம்பையும் இரப்பர் வாரால் இணைக்கலாம். இரப்பர் மோட்டாரின் அதிர்வைத் தகட்டுக்குச் செல்லவிடாது. எடுத்துக்காட்டாக, நிமிடத்துக்கு 2,340 முறை சுழலும் மோட்டாரில் 1 செ.மீ. கப்பியும், 30 செ.மீ. குறுக்களவுள்ள தகடும் இருப்பின், தகடு 2,340 ÷ 30 = 78 முறை சுழலும்.

வேகம் சரிதானா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வட்டமான தாளில் 77 கோடுகளைச் சம இடைவெளியில் வரைந்து தகட்டின் மேல் வையுங்கள். சோக்குடன் எரியும் பழைய குழல்விளக்கு, நம் நாட்டு மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஒவ்வொரு மினுக்கிலும் ஒரு கோட்டின் இடத்திற்கு அடுத்த கோடு வந்துவிட்டால், கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். அவை சுழலும் திசையில் நகர்ந்தால் வேகம் மிகுதி. எதிர்த்திசையில் நகர்ந்தால் குறைவு.

ஊசி தாங்கும் கை இலேசாகவும் தடையின்றி அசைவதாகவும் இருத்தல் வேண்டும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகன்றது. அதற்குரிய ஊசியையே பொருத்த வேண்டும். தேய்ந்த ஊசியோ மிகுந்த பாரமோ பள்ளத்தைச் சிதைத்துவிடும். சிதைந்த பள்ளத்தை ஒருவராலும் திருத்த இயலாது. மின்னிணைப்புகளைத் தேர்ந்தவர் துணையோடு செய்தலே நன்று.

வானம் பார்த்த பூமியில் வாழ்வோர் எதனையும் எளிதில் வீணென்று எறிவதில்லை. கழித்த இரும்பும் பழைய மோட்டாரும் உரிய இடத்தில் பொருந்தினால், மறைந்த கலைஞரின் மூச்சு மீண்டும் நம் செவியில் இசைக்கும். அதனைச் சுருதி பிறழாமல் கேட்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகும்.