டிரிப்ஸ் தீர்ந்துபோன முகாம்

1971 ஜூன் மாதக் கடைசி. கிழக்கு பாகிஸ்தானில் போர் மூண்டு, எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்தார்கள் அகதிகள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்கள் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு கோடியைத் தொட்டது. மழைக்காலம் தொடங்கியதும் முகாம்களில் காலரா பரவியது.

மேற்கு வங்க எல்லையில் இருக்கிறது பொங்காவ். அங்கிருந்த சிறிய மருத்துவமனையின் இரண்டு அறைகளில், தரை தெரியாமல் நோயாளிகள் கிடந்தார்கள். கொல்கத்தாவிலிருந்து வந்த டாக்டர் திலீப் மஹலானாபிஸ், வாந்தியும் பேதியும் பரவிய அந்தத் தரையில் மண்டியிட்டுத்தான் ஊசி குத்த முடிந்தது என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஏற்றுவதற்குக் கையில் இருந்த சலைன் பாட்டில்களோ வேகமாகக் கரைந்துகொண்டிருந்தன.

கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை உடலிலிருந்து நீர் வெளியேறிவிடும். ரத்தம் சுண்டி, சில மணி நேரத்தில் உயிர் போகும். குடிக்கக் கொடுத்த வெறும் தண்ணீர் உடம்பில் தங்காது. ஆனால் தண்ணீரில் உப்போடு குளுக்கோஸும் சேர்ந்தால் கதை மாறுகிறது. குடல் சுவரில் உள்ள ஒரு புரதம் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுக்கிறது. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. காலராக் கிருமியின் நஞ்சு இந்த வழியை அடைப்பதில்லை. ராபர்ட் கிரேன் 1960இல் இந்தப் பிணைப்பை முன்வைத்தார். 1968இல் டாக்காவில் டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும் நோயாளிகளிடம் அதை நிரூபித்தும் விட்டார்கள்.

ஆக, விடை மூன்று ஆண்டுகளாகக் கையில் இருந்தது. தடையாக இருந்தது மருத்துவர்களின் தயக்கம்தான். பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில், மருத்துவமனைக்குள் மட்டுமே இதைக் கொடுக்கலாம் என்பது பொதுவான நம்பிக்கை. படிக்காத ஒரு தாய் அளவு பார்த்துக் கொடுப்பாள் என்று நம்ப யாரும் துணியவில்லை. அந்தத் துணிவை மஹலானாபிஸுக்குக் கொடுத்தது போர். வேறு வழியே இல்லாத நிலையில் அவர் தாய்மார்களை நம்பினார்.

லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு. கொல்கத்தாவில் அவர் பணியாற்றிய ஆய்வு மையத்தின் நூலக அறையிலேயே இதை நிறுத்துப் பொட்டலம் கட்டினார்கள். முகாமில் குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்தார்கள். உறவினர்கள் குவளையில் பிடித்துப்போய் நோயாளிக்குப் புகட்டினார்கள். ஊசி வழியே ஏறுவதுதான் மருந்து என்று பழகிய மக்கள் நம்பவேண்டும் என்பதற்காக, இதற்கு ‘வாய்வழி சலைன்’ என்றே பெயர் சொன்னார்கள். கரைக்கும் முறையை எல்லைக்கு அப்பால் இருப்பவர்களுக்கு வங்கதேச விடுதலைப் போராளிகளின் ரகசிய வானொலி எடுத்துச் சொன்னது. மருந்துச் சீட்டு ஒன்று போர் வானொலியில் ஒலிபரப்பானதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

முகாம்களில் காலரா கண்டவர்களில் 30 சதவீதம் பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். இந்தச் சிகிச்சையில் இருந்தவர்களிடையே அது 3.6 சதவீதமாக இறங்கியது. மஹலானாபிஸ் இதை 1973இல் கட்டுரையாக வெளியிட்டார். அப்போதும் சந்தேகங்கள் உடனே தீரவில்லை. 1978இல்தான் லான்செட் இதழ், அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று எழுதியது. மஹலானாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் மறு ஆண்டுதான் வந்தது. வாழும்போதே தந்திருக்க வேண்டிய விருது அது.

இன்றும் குழந்தைக்கு இரண்டு முறை பேதியானால் “ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர்” என்கிறோம். குழந்தை குடிக்கும் நிலையில் இருந்தால், முதலில் இதே வகை வாய்வழிக் கரைசலான ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று கணக்குப் போடாதீர்கள். கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். குழந்தை சோர்ந்து, கண் குழிந்து, குடிக்கவும் மறுத்தால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.