ஓடிச் சேர்த்த காசு எங்கே போகிறது?

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே சாலையை மறித்து, ஒரே நிறச் சட்டையில் ஆயிரக்கணக்கானோர் ஓடும் காட்சி நம் ஊர்களுக்கும் பழகிவிட்டது. 2013-ல் தொடங்கிய கோவை மராத்தானே கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்கு நிதி சேர்க்கும் ஓட்டம்தான். ஒருவர் பத்து கிலோமீட்டர் ஓடினால் நோயாளிக்குப் பணம் எப்படிப் போய்ச் சேரும்? பலருக்கும் இது புரியாத கணக்கு.

முன்பதிவுக் கட்டணம் கட்டியதுமே நன்கொடை கொடுத்துவிட்டதாக நினைக்கிறோம். அந்தப் பணத்தில்தான் டி-ஷர்ட், மெடல், நேரம் பதியும் சிப், வழிநெடுகத் தண்ணீர், ஆம்புலன்ஸ், காலைச் சிற்றுண்டி எல்லாம் வர வேண்டும். செலவு போக மிஞ்சினால்தான் அறக்கட்டளைக்கு. ஆகவே பெரிய தொகை வேறு இரண்டு வழிகளில் வருகிறது: நிறுவனங்களின் ஸ்பான்சர் பணம் ஒன்று, ஓடுகிறவர் தன் உறவினர், நண்பர்கள், அலுவலகத்தாரிடம் கேட்டு வாங்கும் பணம் இன்னொன்று. இரண்டாவதுதான் இந்த முறையின் உயிர். அதை உலகுக்குக் காட்டியவர் 21 வயதுக் கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ்.

டெர்ரி ஃபாக்ஸுக்கு 1977-ல் வலது முழங்காலில் எலும்புப் புற்றுநோய். அப்போது வயது 18. முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். பிழைக்க ஐம்பது சதவீத வாய்ப்பு என்றார்கள் மருத்துவர்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு வந்திருந்தால் அது பதினைந்து சதவீதம்தான். இடையில் நடந்த ஆராய்ச்சிதான் தனக்கு அந்த வாய்ப்பைத் தந்தது என்பது அவர் மனதில் ஆழப் பதிந்தது. பதினாறு மாதம் கீமோதெரபி எடுத்தபோது, அதே வார்டில் பிழைக்காமல் போனவர்களையும் பார்த்தார். கனடாவைக் குறுக்கே ஓடிக் கடந்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதென்று முடிவெடுத்தார்.

1980 ஏப்ரல் 12 அன்று கிழக்குக் கோடியில் செயின்ட் ஜான்ஸ் நகரில் அட்லான்டிக் நீரில் செயற்கைக் காலை நனைத்துவிட்டுக் கிளம்பினார். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு முழு மராத்தான், அதாவது 42 கிலோமீட்டர். அந்தக் கால் ஓடுவதற்கென்று செய்யப்பட்டதல்ல. அது அடுத்த அடிக்குத் தயாராகும்வரை நல்ல காலால் இரண்டு முறை தத்த வேண்டும்: தத்தல், தத்தல், பிறகு ஒரு எட்டு. அன்றைய படக்காட்சிகளில் அந்த ஓட்டத்தை இன்றும் பார்க்கலாம். வெட்டிய காலின் முனை உராய்ந்து புண்ணாகி ரத்தம் கசிந்தது. நண்பர் ஒருவர் வேனை முன்னால் ஓட்டிப்போய்த் தண்ணீரோடு காத்திருப்பார்.

ஆரம்பத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சில இடங்களில் வாகனங்கள் அவரைச் சாலையை விட்டே ஒதுக்கின. ஆனால் சுமார் 10,000 பேர் வாழ்ந்த போர்ட் ஓ பாஸ்க் என்னும் சிற்றூர் 10,000 டாலருக்கு மேல் திரட்டிக் கையில் கொடுத்தது. தலைக்கு ஒரு டாலர்! பத்து லட்சம் டாலரே போதும் என்று கிளம்பியவர், போகப் போக, கனடாவின் 2 கோடியே 40 லட்சம் பேரும் ஆளுக்கொரு டாலர் தரட்டும் என்று கேட்கத் தொடங்கினார். ஜூலையில் டொராண்டோவை அடைந்தபோது நகரச் சதுக்கத்தில் 10,000 பேர் திரண்டார்கள். அன்று ஒரே நாளில் சேர்ந்தது ஒரு லட்சம் டாலர்.

செப்டம்பர் 1, தண்டர் பே அருகே நெஞ்சு வலியும் இருமலும் அவரை நிறுத்தின. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். சில நாட்களிலேயே தொலைக்காட்சி நேரலை ஒன்று ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 1981 பிப்ரவரிக்குள் தொகை 2 கோடியே 41 லட்சத்தைத் தாண்டி, தலைக்கு ஒரு டாலர் நிறைவேறிவிட்டது. அவ்வாண்டு ஜூன் 28 அன்று டெர்ரி இறந்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் அவர் நினைவாக நடந்த முதல் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் கலந்துகொண்டவர்கள் மூன்று லட்சம் பேர். கட்டணம் கிடையாது, போட்டி கிடையாது, முதல் பரிசும் கிடையாது. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். தன் ஓட்டத்தை விளம்பரமாக்க டெர்ரி இடம் கொடுக்கவில்லை. அதே மரபு தொடர்கிறது. அவர் பெயரில் இதுவரை சேர்ந்த தொகை 85 கோடி கனடிய டாலருக்கும் அதிகம்.

லண்டன் மராத்தானில் வேறு வழி. அங்கே இடம் கிடைப்பதே அரிது. அறக்கட்டளைகள் இடங்களை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு, இவ்வளவு பவுண்டு திரட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்பவருக்குக் கொடுக்கின்றன. 2025-ல் அந்த ஓட்டத்தில் எல்லா அறப்பணிகளுக்குமாகச் சேர்ந்தது 8 கோடியே 73 லட்சம் பவுண்டு.

நம் ஊரில் ஓடப் போகிறவர்கள் அமைப்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள்: என் கட்டணத்தில் எவ்வளவு நோயாளிக்குப் போகும், எந்தச் செலவுக்கு, கணக்கை எப்போது வெளியிடுவீர்கள்? ‘விழிப்புணர்வுக்காக’ என்ற ஒற்றைச் சொல் எனக்குப் போதவில்லை. காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்றாலும், கதிர்வீச்சுக்குப் பலர் வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம் வர வேண்டியிருக்கும். வெளியூர்க்காரர் மருத்துவமனை பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அறை வாடகையும் பஸ் காசும் இல்லாமல் பாதியில் சிகிச்சையை விடுகிறவர்களுக்கு ஓட்டப் பணம் நேராகப் போய்ச் சேர முடியும், போக வேண்டும்.

இன்னதற்குத்தான் என்று சொல்லிக் கேட்டால் மக்கள் கொடுப்பார்கள் என்பதற்கு இலங்கையில் ஒரு சான்று உண்டு. போர் முடிந்த காலத்தில் வடக்கின் புற்றுநோயாளிகள் பெரும்பாலும் கொழும்பை அடுத்த மகரகமவில் உள்ள புற்றுநோய் மருத்துவமனைக்கே போக வேண்டியிருந்தது. 2011-ல் ‘டிரெயில்’ என்ற பெயரில், தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை ஒரு குழு நடந்தது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று வழியில் பலரும் சேர்ந்துகொண்டார்கள். வடக்கே தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவது ஒன்றே நோக்கம்; அது எழுந்து நின்றது. 2016-ல் அதே நடை பருத்தித்துறையில் புறப்பட்டுத் தெய்வேந்திரமுனையில் முடிந்தது. அந்த முறை பணம் திரட்டியது, தெற்கே காலியில் உள்ள கராப்பிட்டிய மருத்துவமனையின் புற்றுநோயாளிகளுக்காக.