கரையில் ரிக், கடலடியில் எண்ணெய்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கும் சேலம், நாமக்கல் மக்களுக்கு போர்வெல் என்றால் நேராகக் கீழே இறங்கும் குழி. எண்ணெய்க் கிணறு அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ரிக்கைக் கரையில் நிறுத்தி, துளையை மெல்ல வளைத்துப் படுக்கவைத்து, கடலுக்கு அடியில் பல கிலோமீட்டர் ஓட்டலாம். இங்கிலாந்தின் விட்ச் ஃபார்ம் எண்ணெய் வயலில் 1999-இல் தோண்டிய ஒரு கிணறு சுமார் 1,600 மீட்டர் ஆழத்தில் 10 கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் சென்றது. ரஷ்யாவின் சகாலின்-1 திட்டத்தில் நம் ஓஎன்ஜிசி விதேஷுக்கு 2001 முதல் 20 சதவீதப் பங்கு உண்டு. அங்கே ஒடோப்டு வயலில் 2011-இல் தோண்டிய கிணற்றின் நீளம் 12,345 மீட்டர்.

அப்படியானால் காவிரிப் படுகையின் கடல் எண்ணெயையும் கடலைத் தொடாமல் எடுத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது என்பதே என் முடிவு. நேர்க்குழியில் குழாயின் எடையே துளைமுனையை அழுத்தும். படுத்த துளையில் குழாய் பாறைமேல் சாய்ந்து கிடப்பதால் முன்னே தள்ளவும் சுழற்றவும் உராய்வோடு போராட வேண்டும். பாறைத்தூளும் அடிப்பக்கத்தில் படியும். அதை வெளியேற்ற மண்குழம்பை வேகமாகச் செலுத்தினால் அழுத்தம் ஏறிப் பாறை பிளக்கலாம். வேகத்தைக் குறைத்தால் தூள் சேர்ந்து குழாயைக் கவ்விக்கொள்ளும். நீளம் கூடக் கூட இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுருங்குகிறது. இத்தனை செலவையும் துணிவையும் பெரிய, உறுதிப்பட்ட வயல் மட்டுமே தாங்கும். சகாலினின் சாய்வோ வயல் 1979-இலேயே கண்டறியப்பட்டது. கரைக்கு அருகில் இருந்தது. மேலே உறையும் கடல் இருந்ததால் கரையிலிருந்து தோண்டுவது லாபமாயிற்று. எண்ணெய் இருக்கிறதா என்றே தெரியாத இடத்தில் இந்த முறையால் பயனில்லை. முதல் சோதனைக் கிணற்றுக்குக் கடலில்தான் இறங்க வேண்டும்.

2025-இல் காவிரிப் படுகையில் சுமார் 9,990 சதுர கிலோமீட்டர் ஆழ்கடல் பகுதியை மத்திய அரசு ஏலத்தில் சேர்த்தது. மன்னார் வளைகுடாவுக்கு அருகில் இருப்பதால் அதைக் கைவிடும்படி முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். ஆழ்கடல் தொடங்கும் இடமே நம் கரையிலிருந்து வெகு தொலைவு. உலகின் மிக நீண்ட கிணறும் அங்கே எட்டாது. எட்டக்கூடிய கரையோரக் கடலுக்கோ ரிக்கை நாகை, திருவாரூர் போன்ற டெல்டா மாவட்டங்களில் நிறுத்த வேண்டும். அங்கே புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுக்கிறது. கடலுக்கு வரும் சுமையை விளைநிலத்துக்கு மாற்றுவதுதான் இந்த வழி.

கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு இப்படிக் கதவடைக்கலாமா என்று கேட்பது நியாயமே. சட்டத்துக்கு முன் தொடங்கிய கிணறுகள் இயங்குகின்றன. நரிமணத்தில் எண்ணெய் எடுத்து வருகிறோம். ஏற்கெனவே கண்டறியப்பட்ட கரையோர வயலுக்கு, இருக்கும் கிணற்றுத் தளத்திலிருந்தே நீண்ட கிணறு தோண்டும் திட்டம் வந்தால் சட்டத்தோடு பொருந்துகிறதா என்று ஆராயலாம். புதிய ஏலத்துக்கு நீண்ட கிணறு என்ற வாதம் உதவாது. எவ்வளவு ஆழம், கரையிலிருந்து எவ்வளவு தூரம், ரிக் எந்த ஊரில் நிற்கும் என்ற மூன்றையும் ஏலத்துக்கு முன்பே மீனவரிடமும் உழவரிடமும் அரசு தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.