கழற்றப்படும் முன் பிரேக்குகள்

மதுரையைச் சுற்றிலும் குன்றுகள் இருந்தாலும் மதுரை மலையூர் அன்று. யானைமலை, நாகமலை, திருப்பரங்குன்றம் ஆகியவை சமவெளியில் தனித்து எழுந்து நிற்பவை. மேலூருக்கோ திருமங்கலத்துக்கோ மிதிவண்டியில் செல்பவர் அவற்றைக் கடந்து செல்கிறார், ஏறிச் செல்வதில்லை. நகருக்குள் ஏற்றம் என்று சொல்லத்தக்கவை பாலங்களும் மேம்பாலங்களும்தாம். இத்தகைய நிலத்துக்கு 21 கியர்கள் கொண்ட வண்டி தேவையில்லை என்பதே என் கருத்து. நம் பாட்டனார் காலத்து ஒற்றைக் கியர் வண்டியே போதும்.

கணக்கு எளிதானது. பெடலோடு சேர்ந்த பெரிய பல்சக்கரத்தில் 44 பற்களும், பின்சக்கரத்தின் ஃபிரீவீலில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். எனவே ஒரு மிதிக்கு வண்டி 5.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 19 கி.மீ. வேகம் கிடைக்கும். பின்னால் பால் கேனோ மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து பூ மூட்டையோ ஏற்றிச் செல்பவர், ஃபிரீவீலை மட்டும் 22 பல்லுக்கு மாற்றிக்கொண்டால் போதும். வேகம் 16 கி.மீ. ஆகக் குறையும், மிதிப்பது இலகுவாகும். இந்த மாற்றத்தைத் தெருமுனைக் கடையிலேயே செய்துகொள்ளலாம்.

கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். பழைய வண்டி ஒன்றைப் பிரித்து 'ஃபிக்ஸட் கியர்' வண்டியாக மாற்ற விரும்பிய அவர், “அதற்குப் பிரேக் எதற்கு?” என்றார்.

ஃபிக்ஸட் கியர் வண்டியில் ஃபிரீவீல் கிடையாது. பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலுக்கு ஓய்வில்லை. பெடலைச் சுற்றவிடாமல் காலால் எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும். சாய்தளப் பந்தயக் களங்களில் எல்லோரும் ஒரே திசையில் ஓட்டுவதாலும், ஒருவர் திடீரென நின்றால் பின்னால் வருபவர் மோதிவிடுவார் என்பதாலும் அங்கே பிரேக்கே பொருத்துவதில்லை. நியூயார்க் போன்ற நகரங்களில் தபால் உறைகளைச் சுமந்து திரிந்த தூதர்கள் அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தனர். பின்னர் அது உலகெங்கும் இளைஞர்களின் மோகமாயிற்று. பழுதாகக்கூடிய உறுப்புகள் குறைவு, தோற்றமும் அழகு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் மாணவரின் கேள்விக்கு விடை வேறிடத்தில் இருக்கிறது. பேருந்தில் நிற்கும்போது ஓட்டுநர் பிரேக் போட்டால் நாம் முன்னோக்கிச் சாய்கிறோம். மிதிவண்டியிலும் அதுவே நிகழ்கிறது. வேகம் குறையும் கணத்தில் பாரம் முன்சக்கரத்துக்கு மாறுகிறது. பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைவதால், அது சாலையைப் பற்றும் வலுவும் குறைகிறது. அதற்கு மேலும் அழுத்தினால் சக்கரம் நின்றுபோய்ச் சறுக்கும். பின் பிரேக்கைக் கையால் அழுத்தினாலும் காலால் பெடலை எதிர்த்தாலும் இந்த எல்லை ஒன்றே. கால் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், தரையைத் தொடுவது அதே பின்சக்கரம்தான்.

மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் உலர்ந்த தார்ச்சாலையில் செல்பவர் பின்சக்கரத்தை மட்டும் நம்பினால், பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு ஐந்து மீட்டருக்கு மேல் வேண்டும். முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால் மூன்று மீட்டரை ஒட்டி நின்றுவிடலாம். மாசி வீதியில் கடைவாசலிலிருந்து ஒரு குழந்தை சாலையில் இறங்கினால், இந்த இரண்டு மீட்டர்தான் கணக்கு. ஆபத்தைக் கண்டு கை அசைவதற்கு ஆகும் ஒரு விநாடியில் வண்டி ஐந்தரை மீட்டர் ஓடிவிட்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் 1983ஆம் ஆண்டு விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. சாலையில் ஓடும் மிதிவண்டிக்குத் தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக்குகள் வேண்டும். ஃபிக்ஸட் கியர் பின் பிரேக்காகக் கருதப்படுகிறது. ஆகவே முன் பிரேக் கட்டாயம். 2016இல் லண்டனில் முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் கியர் வண்டி மோதிச் சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். ஓட்டிவந்த இளைஞருக்கு மறு ஆண்டு 18 மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. குதிரை வண்டிகளை மனத்தில் வைத்து 1861இல் எழுதப்பட்ட சட்டப்பிரிவைத் தேடி எடுத்துத்தான் அவரைத் தண்டிக்க முடிந்தது.

நம்மூரில் இந்த மோகம் குறைவு. ஆனால் முன் பிரேக் இல்லாத வண்டிகள் ஏராளம். அண்மையில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் சிறிது நேரம் உட்கார்ந்து, வந்து நின்ற வண்டிகளைக் கவனித்தேன். சிலவற்றில் முன் பிரேக்கின் கம்பி அவிழ்ந்து தொங்கியது. சிலவற்றில் கட்டையே இல்லை. கடைக்காரர் வியப்படையவில்லை. பிள்ளை விழுந்துவிடக் கூடாதென்று பெற்றோரே கழற்றச் சொல்கிறார்கள் என்றார். முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவாய் என்ற அச்சம் குரங்குப் பெடல் காலத்திலேயே நமக்கு ஊட்டப்பட்டுவிடுகிறது.

இந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது அன்று. மணல் படிந்த ஓரத்திலும் சேற்றிலும், வளைவில் திரும்பும்போதும் முன்சக்கரம் நின்றுபோனால் வண்டி சரிந்துவிடும். அங்கெல்லாம் பின் பிரேக்கே துணை. ஆனால் நேரான தார்ச்சாலையில் நம் கறுப்பு வண்டி எளிதில் குப்புறக் கவிழாது. அதன் சட்டம் நீளமானது, ஃபோர்க் சாய்வானது, இருக்கை பின்னால் தள்ளி அமைந்தது. கேரியரில் சுமை இருந்தால் கவிழ்வது இன்னும் கடினம். விழுபவர்களில் பலர், கைகளை ஊன்றிக்கொள்ளாமல் திடீரென முழு வலுவோடு அழுத்தியதால் உடல் முன்னே வழுகி விழுந்தவர்களே. இதற்குத் தீர்வு பயிற்சிதான். ஸ்பேனரை எடுத்துப் பிரேக்கைக் கழற்றுவது அன்று.

பிரேக்கின் அமைப்பையும் சொல்ல வேண்டும். பழைய வண்டிகளின் கம்பிப் பிரேக், கட்டைகளை மேலே இழுத்து ரிம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. துருப்பிடித்து இறுகும் ஒயர் அதில் இல்லை. சக்கரம் பக்கவாட்டில் சற்றுக் கோட்டமாக இருந்தாலும் வேலை செய்யும். அதன் பலவீனம் இரும்பு ரிம். ஐப்பசி மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். சில சுற்றுகள் உரசி நீரைத் துடைத்த பிறகுதான் பிடி கிடைக்கும். அதற்குள் வண்டி எங்கே போயிருக்கும் என்பதை மழையில் ஓட்டியவர்கள் அறிவர். அலுமினிய ரிம்மில் இந்தக் குறை வெகுவாகக் குறைகிறது. ஆகவே பழைய வண்டியைப் புதுப்பிக்க ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், முன்சக்கரத்துக்கு அலுமினிய ரிம்மும், அதன் பக்கங்களைப் பற்றும் ஒயர் பிரேக்கும் போடச் சொல்வேன். பெயின்டும் புது இருக்கையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒயர் பிரேக்குக்குச் சக்கரம் நேராக ஓட வேண்டும். அதனால் ஸ்போக்ஸ் கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுத்த பின்னரே பிரேக்கைப் பொருத்த வேண்டும்.

அந்த மாணவருக்கு இன்னொன்றும் சொன்னேன். சாதாரண ஃபிரீவீலை வெல்டிங் வைத்து இறுக்கி, ஃபிக்ஸட் கியர் ஆக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. ஃபிரீவீல் ஹப்பின் மரையில் முன்னோக்கி மிதிக்கும் திசையில் இறுகுகிறது. காலால் எதிர்த்து அழுத்தும்போது அதே மரையில் கழன்றுவரும். வண்டியை நிறுத்த வேண்டிய அந்தக் கணத்தில்தான் அது நிகழும். முறையான ஃபிக்ஸட் ஹப்பில் இதைத் தடுக்க எதிர்மரையில் இறுகும் பூட்டு வளையம் இருக்கும். அது இருந்தாலும் செயின் அறுந்தால் கால் பிரேக் இல்லை. முன் பிரேக் ஒன்று பொருத்திவிட்டுப் பிறகு விருப்பம்போல் ஓட்டுங்கள் என்றேன். அவர் அரைமனத்தோடு தலையசைத்தார்.

மோகத்தால் ஓட்டுபவர் சிலர். பள்ளிக்குச் செல்ல வேறு வழியின்றி ஓட்டுபவரே பலர். 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவ மாணவியர்க்கெல்லாம் விரிந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலும் மேலூர்ப் பக்கத்திலும் காலையில் லாரிகளின் ஓரமாகச் செல்லும் பிள்ளைகள் பெரும்பாலும் இத்தகைய ஒற்றைக் கியர் வண்டிகளில்தான் செல்கின்றனர். வண்டி கைக்கு வருகிறது. அதை நிறுத்துவது எப்படியென்று சொல்லிக்கொடுப்பவர் இல்லை.

இதற்கு முன்மாதிரி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுத்தந்தது. பயிற்சி முகாம்கள் நடந்தன. பெண்கள் ஆண்களின் வண்டிகளிலேயே பழகினர். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைத்துச் சென்றனர். அன்றைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் அதற்கு உறுதுணையாக நின்றார். மிதிவண்டி ஓட்டுவது தானாக வந்துவிடும் என்று அன்று யாரும் விட்டுவிடவில்லை.

வண்டி வழங்கும் நாளன்று பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டால் போதும். ஒவ்வொருவரும் சற்று வேகமாக வந்து, கோட்டைத் தொட்டதும் முதலில் பின் பிரேக்கை மட்டும் பிடித்து நிற்கட்டும். நின்ற இடத்தில் ஒரு கல் வைக்கட்டும். அடுத்த முறை, கைகளை நன்றாக ஊன்றி, பின்பக்கம் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தட்டும். நம் வண்டிகளில் பெரும்பாலும் வலக்கைதான் முன் பிரேக். வலப்பக்கம் திரும்பச் சைகை காட்டும்போது அந்தக் கை விலகிவிடுகிறது. ஆகவே சைகைக்கு முன்பே வேகத்தைக் குறைக்கவும் அங்கேயே பழக்கலாம். உடற்கல்வி ஆசிரியர் ஒருவரும், கட்டைகள் ரிம்மில் சரியாகப் பதிகின்றனவா என்று பார்க்க ஸ்பேனரோடு கடைக்காரர் ஒருவரும் இருந்தால் ஒரு வகுப்புக்கு அரை நாள் ஆகும்.