புறாவின் தீர்மானம்

சிறு தலையையுடைய பட்சியாதலால் புறாவுக்குப் புத்தியும் சிறிதாகவே இருக்குமென்று எண்ணுவோருக்கு, ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த ஹெர்ன்ஸ்டைனும் லவ்லண்டும் 1964-ல் வெளியிட்ட ஆராய்ச்சி தக்க மறுமொழியாகும். மனித உருவம் தோன்றும் படத்தைக் கொத்தினால் தானியம் கிடைக்குமென்று கற்ற புறாக்கள், முன்பு கண்டிராத புதிய படங்களிலும் மனிதரைக் கண்டுகொண்டன.

அதனினும் வியக்கத்தக்கது, ஹெர்ப்ரான்ஸனும் ஷ்ரோடரும் 2010-ல் வெளியிட்ட பரிசோதனை. ஒளிரும் மூன்று பொத்தான்களுள் ஒன்றுக்கு மட்டுமே தானியம் உண்டு. புறா ஒன்றைக் கொத்தியதும், மற்ற இரண்டில் பயனற்ற ஒன்றின் விளக்கு அணைந்துவிடும். முதலில் தெரிந்தெடுத்ததிலேயே நிற்பதா, எஞ்சியதற்கு மாறுவதா என்று அந்தப் பறவை அப்போது தீர்மானிக்க வேண்டும். நின்றால் மூன்றில் ஒரு பங்கே வாய்ப்பு, மாறினால் இரண்டு பங்கு என்பது கணித சாஸ்திரத்தின் முடிபாயினும், இரண்டும் சமமென்றே கற்றோரிலும் பலர் சாதிப்பர். புறாக்களோ, முதல் நாளில் பெரும்பாலும் மாறாது நின்றவை, 30-ஆம் நாளில் நூற்றுக்கு 96 தடவை மாறக் கற்றுவிட்டன. அதே விளையாட்டை 200 முறை ஆடிய கல்லூரி மாணாக்கர், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தடவையே மாறினர். யுக்தியால் அன்று, அநுபவத்தின் பயனை நினைவிற்கொண்டு தீர்மானித்தமையாலேயே பறவை வென்றது என்பது என் துணிபு.