பேட்டரியா, ஒயரா? ஜவ்வாது மலையில் ஒரு சோலார் துப்பறிதல்

வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதலில் பழக்கமாகும் சத்தம், கரண்ட் போனதும் யு.பி.எஸ். எழுப்பும் "பீப் பீப்" தான். அதே சத்தத்தைச் சென்ற ஜனவரியில் ஜவ்வாது மலையில், மின் கம்பமே இல்லாத ஒரு சாமைக் கொல்லையின் ஓரத்தில் கேட்டேன்.

என் நண்பர் தனது பழைய வேனை ஓர் ஒர்க் ஷாப்பில் கொடுத்து, சின்ன வீடு போல மாற்றியிருந்தார். இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, கூரை மீது 100 வாட் சோலார் பேனல், பின் சீட்டுக்கு அடியில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, ஒரு சிறிய இன்வெர்ட்டர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினோம். காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகத்தின் குவிமாடத்தை வெளியிலிருந்து படம் எடுத்தோம். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய டெலஸ்கோப் 1986 முதல் அங்குதான் உள்ளது. பிறகு ஜமுனாமரத்தூர், பீமன் அருவி. மாலையில் தெரிந்தவர் ஒருவரின் கொல்லையில் பலா மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். இரவு முழுக்க நட்சத்திரங்களைப் படம் பிடிப்பதாகத் திட்டம்.

இரவு ஒன்பது மணிக்கு, கேமரா கார்டில் இருந்த படங்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கிற்கு மாற்றிக் கொண்டிருந்தேன். என் லேப்டாப் பழசு. அதன் சொந்த பேட்டரி செத்து ஓராண்டாகிறது. இன்வெர்ட்டர் பீப் என்றது, திரை இருண்டது. படங்களை நான் "காப்பி" செய்யவில்லை, "கட்" செய்திருந்தேன். இந்தத் தவறை நீங்கள் செய்திட வேண்டாம். மறுநாள் பார்த்தபோது 11 படங்கள் திறக்கவே இல்லை. கார்டிலும் அவை இல்லை.

"பேட்டரி அவுட்டுடா. காலையில கிளம்பிடலாம், ஊருக்குப் போய்ப் புதுசு வாங்கிடறேன்" என்றார் நண்பர். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் விஷயம். "மீட்டர் வச்சுப் பார்க்காம வாங்காதே" என்று தடுத்தேன்.

மீட்டர் சொன்ன கதை

மல்ட்டி மீட்டர் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதனை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொட வேண்டும். (சிவப்பு ஒயர் ஆம்பியர் துளையில் செருகப்பட்டிருந்தால் ஷார்ட் ஆகிவிடும், கவனம்.) காலை வெயில் வருமுன், எதுவும் ஓடாத நிலையில் பேட்டரியில் 12.1 வோல்ட் இருந்தது. சாதாரண லெட் ஆசிட் பேட்டரி நிறைந்திருந்தால் ஏறக்குறைய 12.7 காட்டும், 12.2 என்றால் பாதி. ஆக, எங்கள் பேட்டரி பாதிக்குச் சற்றுக் கீழே. பாதி இருக்கும் பேட்டரியை வைத்துக் கொண்டு இன்வெர்ட்டர் ஏன் நின்றது? சார்ஜ் ஏன் பாதியைத் தாண்டவில்லை?

முதலில் பலா மரத்தைச் சந்தேகித்தேன். பேனலில் உள்ள செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்தவை. ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே உற்பத்தி பாதியாகக் கூடக் குறையும். வண்டியை வெட்டவெளிக்கு நகர்த்தினோம். நல்ல வெயில். பதினொரு மணிக்குக் கூரையை ஒட்டியிருந்த சார்ஜ் கண்ட்ரோலரில் "ஃபுல்" என்று பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு மணி நேரத்தில் ஃபுல்லா?

கண்ட்ரோலரின் பேட்டரி முனைகளில் 14.4 வோல்ட். குனிந்து பேட்டரியிலேயே வைத்துப் பார்த்தேன்: 13.3. நடுவில் 1.1 வோல்ட்டைக் காணோம்!

இரண்டையும் இணைத்தது ஆறு மீட்டர் நீளமுள்ள 1 சதுர மில்லிமீட்டர் ஒயர், வீட்டில் டியூப் லைட்டுக்குப் போடுவது. போக ஆறு, வர ஆறு என்று 12 மீட்டர் செம்பின் மின்தடை ஏறத்தாழ 0.2 ஓம். ஐந்தரை ஆம்பியர் ஓடினால் 1.1 வோல்ட் ஒயரிலேயே தொலையும். 230 வோல்ட்டில் யாரும் இதைக் கவனிக்கப் போவதில்லை. 12 வோல்ட்டில் இதுதான் எல்லாமே. கண்ட்ரோலர் தன் முனையில் 14.4 வந்ததும், பேட்டரி நிறைகிறது என்று நினைத்துக் கரண்டைக் குறைக்கத் தொடங்கிவிட்டது.

இரவில் நடந்தது இதற்கு நேர் எதிர். இன்வெர்ட்டரையும் அந்த ஒர்க் ஷாப்காரர் கண்ட்ரோலரிலிருந்தே எடுத்திருந்தார். லேப்டாப் ஓட 7 ஆம்பியர் போகும்போது அதே ஒயரில் 1.4 வோல்ட் இழப்பு. பேட்டரியில் 12 இருந்தாலும் இன்வெர்ட்டருக்குப் போய்ச் சேர்ந்தது 10.6 தான். அது பயந்து நின்றுவிட்டது. பேட்டரி மீது பழி.

என்ன செய்தோம்?

முதலில் பேனல் ஒயரைக் கழற்றினோம், பிறகே பேட்டரியை. மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் கடைசியில். பல கண்ட்ரோலர்களுக்கு இந்த வரிசை முக்கியம். கண்ட்ரோலரைக் கீழே கொண்டு வந்து பேட்டரிக்கு அரை மீட்டர் தொலைவில் பொருத்தினோம். நீள ஒயர் இப்போது பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவில். பேனல் 18 வோல்ட் வரை தருவதால் அங்கே ஒரு வோல்ட் போனால் குடி முழுகாது. ஜமுனாமரத்தூர் கடையில் 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் வாங்கி, இன்வெர்ட்டரை நேரே பேட்டரியில் இணைத்தோம். பிளஸ் முனைக்கு மிக அருகில் 30 ஆம்பியர் ஃபியூஸ். இதனை விட்டுவிட்டு ஒயர் ஷார்ட் ஆனால் வண்டியே எரியும்.

அன்றிரவு லேப்டாப் மூன்று மணி நேரம் ஓடியது, பீப் இல்லை. மறுநாளும் முழு வெயில் பட்ட பிறகு, இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தால் 12.5. மாதக்கணக்கில் அரைகுறையாகவே சார்ஜ் ஆன பேட்டரி கொஞ்சம் திறனை இழந்துதான் இருக்கும். இருந்தாலும் நண்பர் அதையே வைத்திருக்கிறார். உங்களுடையது லித்தியம் பேட்டரி என்றால் நான் சொன்ன வோல்ட் கணக்கு பொருந்தாது, அதன் கையேட்டைப் பாருங்கள். புதிய லேப்டாப்பில் யு.எஸ்.பி.-சி வழியாக சார்ஜ் ஏறும் என்றால், அதற்கேற்ற வாட் உள்ள கார் சார்ஜரே போதும், இன்வெர்ட்டர் வேண்டாம்.

தொலைந்த படங்கள்? அந்தக் கார்டில் அதன்பின் புதிதாக எதையும் எழுதாமல் எடுத்து வைத்தேன். வீட்டிற்கு வந்து, ஃபோட்டோரெக் என்ற இலவச புரோகிராமை இயக்கியதில் 11ல் 8 படங்கள் மீண்டன. கிடைக்காத மூன்றும் காவலூர் குவிமாடம்.