இரும்பு வியர்க்கும் காலை

கார்த்திகை அடைமழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்ததும், வீட்டோடு சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் முதல் வேலையாக ஷெட்டின் கதவு ஜன்னல்களை அகலத் திறந்துவிடுகிறார்கள். காற்றோட்டம் வந்தால் ஈரம் போய்விடும் என்ற நம்பிக்கை. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் லேத் பெட்டிலும் வைஸிலும் முத்து முத்தாக நீர். கூரை ஒழுகவில்லை. அந்த நீரைக் கொண்டுவந்ததே நாம் உள்ளே விட்ட காற்றுதான்.

இரவில் குளிர்ந்த கனத்த இரும்பு அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. வெளிக்காற்றோ அதற்குள் 28 டிகிரிக்கு வந்திருக்கும். அதன் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். இரும்பு 23 டிகிரியில் இருந்தாலே போதும்.

துரு பிடிக்க நீர்த்துளிகூட வேண்டியதில்லை. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பை அரிக்கத் தொடங்குகிறது. கடற்கரை ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். காற்றில் வரும் கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு, 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை உறிஞ்சிக் கசியும். அந்த உப்பைத் துடைத்தெடுக்காமல் மேலே எண்ணெய் பூசினால் அடியில் அரிப்பு நிற்காது.

ஆகவே காலையில் கதவைச் சாத்தியே வையுங்கள். இரும்பு முதலில் வெதுவெதுப்பாகட்டும். உளி, இழைப்புளி, டிரில் பிட் வைக்கும் அலமாரிக்குள் ஒரு பழைய குண்டு பல்பை எரியவிடலாம், மரமும் துணியும் அதைத் தொடாதபடி. எல்இடி இதற்கு உதவாது, நமக்கு வேண்டியது வெப்பம். 25 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று, 30 டிகிரிக்குச் சூடானால் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆனால் கேஸ் அடுப்பை ஏற்றி அறையைச் சூடாக்க நினைக்காதீர்கள்! மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. போதாததற்கு, ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவியும் அறையில் சேரும். சிலிக்கா ஜெல் இறுக மூடிய பெட்டிக்கு நல்லது, திறந்த ஷெட்டுக்கு வீண்செலவு.

இவற்றில் பணம் போடுமுன், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சிமெண்டுத் தரையில் விரித்து நான்கு ஓரத்தையும் டேப் ஒட்டி, ஒருநாள் விடுங்கள். தாளின் மேல்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். அடிப்பக்கம் நனைந்தால் தரையே மண்ணின் நீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. அப்படியானால் தடித்த பாலிதீன் விரித்து, அதன்மேல் பலகைத் தளம் போட்ட பிறகுதான் பல்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.